ஒன் பீஸ் ஆங்கில டப்பிங்: எதைப் பார்க்கலாம், எதை விடலாம், ஏன்?

கேள்வி இது: "ஒன் பீஸ் என்ற ஜப்பானியக் கடற்கொள்ளையர் அனிமேஷன் தொடரை ஆங்கிலத்தில் பார்க்க ஆசை. ஆனால் அந்த டப்பிங் படுமோசம் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். ஜப்பானியக் குரல்களுக்கு ஈடாக நிற்கிறது என்று மீதிப் பேர் சொல்கிறார்கள். யாரை நம்புவது?"

இரண்டு தரப்பும் சொல்வது உண்மைதான். ஆனால் அவர்கள் பேசுவது இரண்டு வேறு டப்பிங்குகளைப் பற்றி. முதலாவது, நியூயார்க்கைச் சேர்ந்த ஃபோர்கிட்ஸ் நிறுவனம் 2004 முதல் 2006 வரை செய்தது. இரண்டாவது, டெக்சாஸைச் சேர்ந்த ஃபனிமேஷன் 2007இல் தொடங்கியது. 2022இல் அந்த நிறுவனம் கிரஞ்சிரோல் என்ற பெயருக்குள் போய்விட்டாலும் அதே குரல்களோடு டப்பிங் தொடர்கிறது. இன்று டிஸ்க்கிலும் ஸ்ட்ரீமிங்கிலும் கிடைப்பது இந்த இரண்டாவதுதான். சிங்கப்பூரில் ஓடெக்ஸ் நிறுவனம் செய்த இன்னோர் ஆங்கில டப்பிங்கும் உண்டு. அது பெரும்பாலும் அந்த வட்டாரத்தோடு நின்றுவிட்டது.

முதலாவது ஏன் கெட்டது என்பதற்கு "நடிகர்கள் சரியில்லை" என்று பலரும் ஒரு வரியில் காரணம் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. கதாநாயகன் லூஃபிக்குக் குரல் கொடுத்த எரிகா ஷ்ரோடர், அவன் கூட்டாளி சாப்பருக்குப் பேசிய லிசா ஓர்டிஸ், ராபினுக்குப் பேசிய வெரோனிகா டெய்லர் எல்லோரும் தேர்ந்த கலைஞர்கள். அந்த டப்பிங் மைக்குக்கு வருவதற்கு முன்பே கெட்டுவிட்டது. டோயி அனிமேஷன் தயாரித்து 1999 அக்டோபரில் ஃபூஜி டிவியில் தொடங்கிய இந்தத் தொடரை, அமெரிக்காவில் ஃபாக்ஸ் சேனலின் சனிக்கிழமைக் காலைச் சிறுவர் நிகழ்ச்சிக்குள் திணிக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் மரணம், துப்பாக்கி, சிகரெட் எதுவும் ஆகாது. ஒன் பீஸில் இந்த மூன்றும் அலங்காரத்துக்காக வருபவை அல்ல. கதையே அவற்றின் மேல்தான் நிற்கிறது.

அதனால் லூஃபியின் கப்பல் சமையல்காரன் சான்ஜியின் வாயிலிருந்த சிகரெட் லாலிபாப் ஆனது. கடற்படை அதிகாரி ஸ்மோக்கரின் சுருட்டுகளை அழித்தார்கள், புகை மட்டும் மிஞ்சியது. அவர் பெயரும் சேஸர் ஆனது. வாள்வீரன் ஸோரோ ஸோலோ ஆனான், லூஃபியின் அண்ணன் ஏஸ் ட்ரேஸ் ஆனான். கப்பலின் வழிகாட்டி நாமியை வளர்த்த பெல்மேர் சுட்டுக் கொல்லப்படுவதற்குப் பதில் நிலவறையில் அடைக்கப்பட்டதாக மாற்றினார்கள். பெல்மேர் சாகவில்லை என்றால், நாமி அத்தனை வருடம் ஆர்லாங் என்ற கொள்ளையனுக்கு அடிமையாக இருந்து காசு சேர்த்ததன் கனமே போய்விடுகிறது. அதன் பிறகு நாமிக்கு யார் குரல் கொடுத்தாலும் அந்த அழுகைக்கு அடியில் ஆதாரம் இல்லை.

வெட்டு இன்னும் ஆழமாகப் போனது. முதல் 143 அத்தியாயங்களை 104 ஆகச் சுருக்கினார்கள். லபூன் என்ற திமிங்கிலம் வரும் பகுதியும், டோரி, ப்ரோகி என்ற இரண்டு ராட்சதர்கள் வரும் லிட்டில் கார்டன் பகுதியும் முழுதாகவே போயின. வாராவாரம் ஓடும் சாதாரணத் தொடரில் இப்படி ஒரு கிளையை வெட்டினால் யாருக்கும் தெரியாது. ஒன் பீஸை எழுதும் ஐச்சிரோ ஓடாவோ பல வருடம் முன்னால் விதைத்ததைப் பின்னால் அறுக்கிறவர். எனியெஸ் லாபி பகுதியில் காவல் நிற்கும் ராட்சதர்கள் தங்கள் தலைவர்களைப் பற்றிக் கேட்கும்போது டோரியும் ப்ரோகியும் நினைவில் இருந்தாக வேண்டும். ப்ரூக் என்ற இசைக்கலைஞன் கப்பலில் சேரும் பகுதியோ முழுக்க லபூனின் மேல் கட்டப்பட்டது. ஃபோர்கிட்ஸ் இடையில் நிறுத்தாமல் அதுவரை வந்திருந்தால், தாங்களே அழித்துவிட்ட ஒரு பாத்திரத்துக்காகப் பார்வையாளர்களை அழச்சொல்லி நின்றிருப்பார்கள். 2006 டிசம்பரில் அவர்கள் உரிமையை விட்டார்கள்.

பின்னணி இசையையும் மாற்றினார்கள் என்பது பலர் கவனிக்காத சேதம். டப்பிங்குக்கு வரும் படத்தோடு பேச்சு நீங்கலாக இசையும் ஓசைகளும் மட்டும் உள்ள ஒரு தனி டிராக் வரும். வழக்கமாக அதை அப்படியே வைத்துக்கொண்டு புதுக் குரல்களை மேலே சேர்ப்பார்கள். ஃபோர்கிட்ஸ் இசையைத் தாங்களே புதிதாகப் போட்டது, ஓசைகளிலும் கைவைத்தது, தொடக்கப் பாடலுக்குப் பதில் ஒரு ராப் பாட்டு வைத்தது. மூலத்தில் இசை சட்டென்று நின்று அமைதி வரும் இடங்கள் உண்டு. அந்த அமைதிதான் அடுத்த வசனத்துக்கு வழிவிடும். அங்கே வேறு இசை ஓடிக்கொண்டிருந்தால் நடிகர் எவ்வளவு நிதானமாகப் பேசினாலும் அவசரப்படுவது போலத்தான் கேட்கும்.

2007 ஏப்ரலில் ஃபனிமேஷன் உரிமையை எடுத்தது. கார்ட்டூன் நெட்வொர்க்கில் 144ஆம் அத்தியாயத்திலிருந்து தொடர வேண்டியிருந்ததால் அங்கிருந்து ஒளிபரப்பு தொடங்கியது. வெட்டு இல்லாத முதல் அத்தியாயங்கள் டிவிடியாக வந்தது 2008 மே மாதத்தில். பழைய 143ஐ மறுபடி முதலிலிருந்து பேசியபோது முக்கியக் குரல்கள் ஏற்கெனவே அந்தப் பாத்திரங்களுக்குப் பழகியிருந்தன. லூஃபியாக காலீன் கிளிங்கன்பியர்ட், ஸோரோவாக கிறிஸ்டபர் சபாட், நாமியாக லூசி கிறிஸ்டியன், உசோப்பாக சன்னி ஸ்ட்ரெய்ட், சான்ஜியாக எரிக் வேல், சாப்பராக ப்ரினா பாலென்சியா, ராபினாக ஸ்டெஃபனி யங். பிறகு ஃபிராங்கிக்கு பாட்ரிக் சைட்ஸ், ப்ரூக்குக்கு இயன் சின்க்ளேர்.

இனி அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். நல்ல டப்பிங்கை அடையாளம் காண இது தெரிந்திருக்க வேண்டும்.

முதல் ஆள், ஜப்பானிய ஸ்கிரிப்டை நேர்ப்பொருளில் ஆங்கிலமாக்குகிறார். அதை அப்படியே பேச முடியாது. அடுத்தவர் ஒவ்வொரு வரியையும் படத்தில் வாய் அசையும் நேரத்துக்குள் அடங்கும்படி திருப்பி எழுதுகிறார். ஜப்பானிய அனிமேஷனில் வாய்க்கு மூடியது, பாதி திறந்தது, முழுதாகத் திறந்தது என்று பெரும்பாலும் மூன்றே வடிவங்கள்தான். அவற்றை மாற்றி மாற்றிப் போடுவார்கள். எழுத்துக்கு எழுத்து வாய் வரைவதில்லை. எனவே 'ப', 'ம' போன்ற உதடு மூடும் ஒலிகள் பொருந்துகிறதா என்று கவலைப்பட வேண்டியதில்லை. வாய் எப்போது திறக்கிறது, நடுவில் எங்கே நிற்கிறது, எப்போது மூடுகிறது என்ற மூன்றும் பொருந்தினால் போதும்.

இதில் சிக்கல் அளவில்தான் வருகிறது. ஜப்பானியப் பேச்சில் நொடிக்கு ஏறக்குறைய 8 அசைகள்; ஆங்கிலத்தில் 6 சொச்சம். ஆனால் ஆங்கிலத்தின் ஒவ்வோர் அசையும் கூடுதல் பொருள் சுமக்கும். ஆங்கில வரி நீண்டு போய் இடம் போதாமல் இருக்கும் என்றுதான் நமக்குத் தோன்றும். அப்படியும் நடக்கும், ஆனால் இந்தத் தொடரில் வரி முடிந்த பிறகும் வாய் அசைந்துகொண்டிருப்பதுதான் ஓயாத தொல்லை. லூஃபியின் புகழ்பெற்ற சூளுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியத்தில் "கைஸோகு ஓ நி ஓரெ வா நரு", 12 மாத்திரை (ஜப்பானியப் பேச்சின் நீளத்தை அளக்கும் அலகு). ஆங்கிலத்தில் "ஐ'ம் கொன்னா பி கிங் ஆஃப் த பைரட்ஸ்", 9 அசை. மிச்ச நேரத்தை 'கிங்' என்ற சொல்லிலும் 'பைரட்ஸ்' என்ற சொல்லிலும் இழுத்துத்தான் நிரப்ப வேண்டும். எந்தச் சொல்லை இழுப்பது என்பதில்தான் திறமை தெரியும். 'ஆஃப்' என்பதை இழுத்தால் அபத்தம்.

தாக்குதல்களின் பெயரில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். "கோமு கோமு நோ" என்று 5 மாத்திரை சொல்லிக்கொண்டே லூஃபி கையைப் பின்னால் இழுக்கிறான். பிறகு "பிஸுதோரு" என்ற 4 மாத்திரையில் குத்து இறங்குகிறது. ஆங்கிலத்தில் "கம் கம் பிஸ்டல்", மொத்தமே 4 அசைதான். 'கம்' இரண்டையும் நீட்டிப் பிடித்து, 'பிஸ்டல்' சரியாக அடி விழும் ஃப்ரேமில் வெடிக்க வேண்டும். கிளிங்கன்பியர்ட் இதை மூச்சை உள்ளே இழுத்து, அழுத்தம் ஏற்றி, பிறகு விடுகிறார். அதனால்தான் வெறும் இழுவையாகக் கேட்காமல், கை நீளும்போது ஏறும் விசையாகவே கேட்கிறது.

அசை எண்ணிக்கை கச்சிதமாக ஒத்துப்போகும் இடமும் உண்டு. எனியெஸ் லாபியில் ராபின் "இகிதாய்" என்று கத்தும் இடம் 278ஆம் அத்தியாயத்தில் வரும். 4 மாத்திரை. ஆங்கிலத்தில் "ஐ வான்ட் டு லிவ்", அதுவும் 4 அசை. ஆனாலும் ஒரு தடை: ஜப்பானியச் சொல் உயிரொலியில் முடிவதால் எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டிக் கதறலாம். 'லிவ்' என்பது மெய்யில் முடிகிறது. 'வ்' ஒலியில் நின்று கதற முடியாது. அதற்கு முந்தைய உயிரிலேயே கதறலை முழுவதும் இறக்கி, வாய் மூடும் கணத்தில் 'வ்' தொட்டு நிறுத்த வேண்டும். ஸ்டெஃபனி யங் இதைச் செய்யும் விதத்தைக் கேட்டுவிட்டு, ஆங்கில டப்பிங் என்றால் எப்போதும் இரண்டாம் தரம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

சொல்வரிசை இன்னொரு பிரச்சினை. ஜப்பானியத்தில் வினை கடைசியில்தான் வரும், தமிழைப் போலவே. "அவரைக் கொன்றது நான் இல்லை" என்று நாம் சொல்லும்போது 'இல்லை' வரும்வரை எதிராளி காத்திருப்பார். படத்தில் கேட்பவர் முகம் மாறுவதும் அந்தக் கடைசிச் சொல்லில்தான். ஆங்கிலத்தில் மறுப்பு வாக்கியத்தின் முதலிலேயே வந்துவிடும். செய்தி தெரிந்த பிறகும் எதிராளி ஒன்றரை நொடி கல்லாய் நிற்பார், பிறகு திடுக்கிடுவார். ஆங்கில டப்பிங்கில் "ரியாக்‌ஷன் லேட்" என்று நமக்குத் தோன்றும் பல இடங்களுக்கு இதுதான் காரணம். நல்ல எழுத்தாளர் வாக்கியத்தை உடைத்து, சேதியைக் கடைசிக்குத் தள்ளுவார். நமக்கு இந்த வரிசை இயல்பு என்பதால், தமிழ்க் காதுக்கு இந்தக் கோளாறு சீக்கிரமே பிடிபடும்.

ஒலிப்பதிவில் ஜப்பானிய முறைக்கும் அமெரிக்க முறைக்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஜப்பானில் வழக்கமாகக் குழுவாக ஒரே அறையில் நின்று, சில மைக்குகளைப் பகிர்ந்துகொண்டு, ஒரு அத்தியாயத்தை வரிசையாகப் பேசுவார்கள். ஜப்பானிய லூஃபிக்குக் குரல் கொடுக்கும் மயூமி தனகா கத்தினால் பக்கத்தில் நிற்பவர் அந்தச் சூட்டிலேயே பதில் சொல்வார். அமெரிக்காவில் ஒவ்வொருவரும் தனியாக வந்து, தன் வரிகளை மட்டும் பேசிவிட்டுப் போவார். காதில் மூன்று பீப் சீராக ஒலிக்கும். நாலாவது ஒலிக்க வேண்டிய இடத்தில் வசனத்தைத் தொடங்க வேண்டும். முதலில் பேசுபவருக்கு எதிராளியின் ஆங்கிலக் குரல் இன்னும் பதிவாகியே இருக்காது. ஜப்பானியக் குரலைக் கேட்டுக்கொண்டு, காற்றிடம் சண்டை போட வேண்டும். எதிரில் இருப்பவர் எவ்வளவு சத்தமாகப் பேசப்போகிறார் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டியது டைரக்டர் பொறுப்பு. அவர் அதைத் தவறவிட்டால் ஒருவர் கத்த, மற்றவர் சாவகாசமாகப் பதில் சொல்வது போல் ஆகிவிடும். மோசமான டப்பிங்குகளில் அடிக்கடி கேட்கிற குறை இதுதான்.

நேரப் பொருத்தத்தில் எவ்வளவு பிசகு தாங்கும் என்பதற்கும் அளவு இருக்கிறது. அனிமேஷனில் நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் சுமார் 42 மில்லிசெகண்ட். ஒலி படத்தை முந்தினால் 45 மில்லிசெகண்டிலேயே, அதாவது ஒரு ஃப்ரேம் கடந்ததுமே, காது கண்டுபிடித்துவிடும். பிந்தினால் 125 வரை, கிட்டத்தட்ட மூன்று ஃப்ரேம், பொறுத்துக்கொள்ளும். அதனால் எடிட்டிங்கில் சந்தேகம் வந்தால் வரியைச் சற்றுப் பின்னால் தள்ளுவதே நல்லது. வாய் மூடிய பிறகும் குரல் கேட்பதை மட்டும் எந்தப் பார்வையாளரும் மன்னிப்பதில்லை. ஒரு வாய்த்திறப்பு மிச்சமிருக்கக் குரல் முடிந்தால் பெரும்பாலோர் கவனிக்க மாட்டார்கள்.

ஒன் பீஸ் கடலில் நடக்கும் கதை என்பதால் அதற்கே உரிய ஒரு தொல்லை உண்டு. பாதி வசனம் கப்பலின் மேல்தளத்தில், காற்றிலும் அலைச் சத்தத்திலும். ரெக்கார்டிங் அறையோ நிசப்தம். மைக் ஒரு சாண் தூரத்தில் இருப்பதால் கலைஞருக்குத் தானாகவே குரல் தாழ்ந்துவிடும். பிறகு மிக்ஸிங்கில் காற்றொலியைச் சேர்க்கும்போது, புயலுக்கு நடுவே ஒருவர் காதோரம் பேசுவது போல் ஒட்டாமல் நிற்கும். ஒலியளவைக் கூட்டினாலும் சரிவராது. தொண்டையின் அழுத்தமே வேறு. பேசும்போதே பத்தடி தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி பேச வேண்டும். கத்தும் வரிகளுக்கு மைக்கிலிருந்து ஓரடி பின்வாங்கி, கெய்னையும், அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவையும், குறைத்துவிட வேண்டும். உச்சத்தில் ஒருமுறை ஒலி கிழிந்துவிட்டால் பிறகு எதாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

சண்டைக் காட்சிகளில் வசனத்தைவிட முக்கல், முனகல், மூச்சிரைப்பு, அடி வாங்கும் சத்தம்தான் அதிகம். இவை சப்டைட்டிலில் இருக்காது. ஸ்கிரிப்ட் எழுதுபவர் படத்தை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்துக் குறித்தால்தான் வரும்; ஒன்று விட்டுப்போனால் அந்த இடத்தில் பாத்திரம் பொம்மையாகிவிடும். லூஃபி சாப்பிட்டுக்கொண்டே பேசும் சத்தமும் குரல் டிராக்கில்தான் இருக்கும்; எனவே அதையும் புதிதாகச் செய்ய வேண்டும். புறங்கையை வாயில் அழுத்திக்கொண்டு பேசுவது பழைய உபாயம். தொண்டை கிழியும் கத்தல்களை மட்டும் தனியாக ஒதுக்கி, அன்றைய வேலையின் கடைசியில் எடுப்பார்கள். முதலிலேயே எடுத்தால் மீதி வரிகள் கரகரத்துப் போகும்.

லூஃபிக்கு ஏன் பெண் குரல் என்றும் பலர் கேட்பதுண்டு. ஜப்பானிய லூஃபியும் பெண் குரல்தான். சிறுவன் ஒருவனை வைத்துப் பேசினால் இரண்டு மூன்று வருடத்தில் குரல் உடைந்துவிடும். 1000 அத்தியாயங்களைத் தாண்டிய தொடருக்கு அது கட்டுப்படியாகாது. வயதுவந்த ஆண் மெல்லிய குரலில் பேசினால், கத்தும் இடங்களில் வேடம் கலையும்.

தொடரின் நீளம் இன்னொரு கட்டுப்பாட்டையும் கேட்கிறது. தொடக்கத்தில் வரும் பக்கி என்ற கோமாளிக் கடற்கொள்ளையன் 420ஐத் தாண்டி இம்பெல் டவுன் சிறையில் மறுபடி முக்கியமாகிறான். இரண்டு இடத்திலும் பேசுவது மைக் மெக்ஃபார்லண்ட், அதே குரல். தொடரின் டப்பிங்கை இயக்கியவர்களில் அவரும் ஒருவர். பாத்திரத்தின் பெயர் உச்சரிப்பு, தாக்குதலின் பெயர், குரலின் மாதிரி எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொள்ளாமல் இது நடக்காது. ஓடா தம் பாத்திரங்களுக்குத் தனித்தனிச் சிரிப்பு வைப்பவர். லூஃபிக்கு "ஷிஷிஷி", ப்ரூக்குக்கு "யோஹோஹோ", பிளாக்பியர்டுக்கு "ஸெஹாஹாஹா". நூற்றுக்கணக்கான அத்தியாயம் கழித்து ஒருவன் இருட்டில் சிரித்தாலே யார் என்று தெரிய வேண்டும். ஆங்கிலத்திலும் அவற்றை அப்படியே காப்பாற்றியிருக்கிறார்கள். அதிலும் ப்ரூக்கின் சிரிப்பு அவன் பாடும் கடலோடிப் பாட்டிலேயே வருவதால் மாற்றவே முடியாது. அந்தப் பாட்டை ஆங்கிலத்தில் மெட்டு மாறாமல் பாடவும் வைத்தார்கள்.

இனி, பார்க்க ஆரம்பிப்பவருக்கு.

முதல் அத்தியாயத்திலிருந்தே ஃபனிமேஷன் டப்பிங்கில் தொடங்குங்கள். எங்காவது ஸோலோ, ட்ரேஸ், லாலிபாப் தென்பட்டால் அது பழைய ஃபோர்கிட்ஸ் பிரதி, மூடிவிடுங்கள். கதை தெரிந்துகொள்ள அது உதவாது. முடிவெடுக்க முடியவில்லை என்றால் 31 முதல் 44 வரையிலான ஆர்லாங் பகுதிவரை பொறுங்கள். 37ஆம் அத்தியாயத்தில் நாமி உதவி கேட்கும் காட்சியை முதலில் ஆங்கிலத்திலும், உடனே ஜப்பானியத்திலும் கேளுங்கள். லூசி கிறிஸ்டியன் அழுகைக்கு நடுவே மூச்சு வாங்கும் இடங்களைக் கவனியுங்கள். வசனம் ஏறக்குறைய இல்லை, எல்லாமே மூச்சுதான். அதன் பிறகும் ஒட்டவில்லை என்றால் தயங்காமல் ஜப்பானியத்துக்குப் போய்விடலாம்.

206 வரை படம் 4:3 சதுரத்தில்தான் இருக்கும், 207 முதல் அகலத்திரை. பக்கவாட்டில் கறுப்புப் பட்டை தெரிவது கோளாறு அல்ல. டிவியில் படத்தை இழுத்துவிடும் செட்டிங் இருந்தால் அணைத்துவிடுங்கள். முகம் அகலமாகி வாயசைவும் சப்பையாகத் தெரியும்.

கடைசியாக சப்டைட்டில். ஆங்கிலக் குரலை வைத்துக்கொண்டு சாதாரண ஆங்கில சப்டைட்டிலைப் போட்டால் இரண்டும் பொருந்தாது. சப்டைட்டில் ஜப்பானிய வசனத்தின் மொழிபெயர்ப்பு. குரலோ வாயசைவுக்காகத் திருப்பி எழுதிய வசனம். காது ஒன்றைக் கேட்க, கண் வேறொன்றைப் படிக்கும். பத்து நிமிடத்தில் சலித்துவிடும். டப்பிங் தப்பாகச் சொல்கிறது என்ற புகார்களில் பல இங்கிருந்துதான் கிளம்புகின்றன. சப்டைட்டில் பட்டியலில் 'சிசி' என்று குறித்த ஆங்கிலம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அது டப்பிங் வசனத்தை அப்படியே எழுத்தில் தரும். அது இல்லாத தளத்தில், ஆங்கிலக் குரல் ஓடும்போது சப்டைட்டிலை முழுதாக அணைத்துவிடுவதே நல்லது.